அட்டை தீர்ந்துபோச்சுன்னு நிறுத்துறதா?

உத்தமபாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஊரில் பாதிப் பேருடைய மருந்துச் சீட்டு மனப்பாடம். காப்பீட்டுக்கு நகல், மெடிக்கல் லீவுக்கு ஸ்கேன், துபாயில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படம். சர்க்கரை, பிரஷர் சீட்டென்றால் மேஜைமேல் விரித்துப் போட்டுவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒரு வகைச் சீட்டு மட்டும் நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் இருக்கும். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வெளியே வரும். எஸிடலோபிராம், செர்ட்ராலின், பராக்ஸிடின், குளோனாசிபாம். கையெழுத்து எப்படிக் கிறுக்கலாக இருந்தாலும் இந்தப் பெயர்களை நான் தடுமாறாமல் படித்துவிடுவேன். என் சீட்டிலும் ஒன்று இருக்கிறது.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல இப்போது ஆள் இருக்கிறது. அக்டோபர் 10 வந்தால் உலக மனநல நாள் என்று கல்லூரிப் பிள்ளைகள் பதாகை பிடித்து நடக்கிறார்கள். எடுத்த மாத்திரையை எப்படி நிறுத்துவது என்று கேட்டால்தான் எல்லோரும் கையை விரிக்கிறார்கள். 'டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்' என்று ஒரு வரி, அதற்கு மேல் பேச்சில்லை. கேட்டால் டாக்டர் என்ன சொல்வார், ஏன் சொல்வார், நடுவில் உடம்பு என்ன பாடுபடும், இதையெல்லாம் யாராவது எழுதினால் தேவலை என்று ரொம்ப நாள் பார்த்துவிட்டு நானே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் மாத்திரையை உடைக்க ஆரம்பித்துவிடாதீர்கள். தொடங்கும்போது எழுதிக்கொடுத்ததுபோல நிறுத்துவதற்கும் ஒரு சீட்டு எழுதி வாங்க வேண்டும், அதைக் கேட்டு வாங்கும் தைரியம் வேண்டும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான காரணம்.

நம்ம பக்கம் இந்த மாத்திரை எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அட்டை தீர்ந்துபோகும். மதுரைக்கு மறுபடி போக ஒரு நாள் கூலி போகும் என்று தள்ளிப்போடுவார்கள், அப்படியே நின்றுவிடும். கார்த்திகை பிறந்து மாலை போட்டால் 'விரதத்தில் மாத்திரை எதற்கு' என்று நிற்கும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அலமாரியிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இதெல்லாவற்றையும்விட அதிகம், 'சரியாப்போச்சே, இன்னும் எதுக்கு?' என்பது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை விட்ட பழக்கம் நமக்கு. காய்ச்சல் மாத்திரை விட்டுப்போனதைத் திரும்பிப் பார்க்காது. இது பார்க்கும்.

கம்பத்தில் இருக்கும் என் பெரியம்மா மகள் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மேலே கேரளத்துக்குள் போய், சாயங்காலம் இறங்குகிற ஆயிரக்கணக்கான பேரில் ஒருத்தி. ஒருநாள் போனில் பேச்சுவாக்கில் சொன்னார்:

"தம்பி, அந்த நரம்பு மாத்திரைய விட்டுட்டேன்டா."

"எப்பக்கா? யாரு விடச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? அட்டை தீந்துபோச்சு. இப்ப காய் எடுக்குற நேரம், மதுரைக்குப் போனா சம்பளம் யாரு தர்றது? நல்லாத்தானடா இருக்கேன்."

அடுத்த தடவை பேசும்போது குரலே வேறாக இருந்தது. மேட்டுப்பாதை வளைவில் ஜீப் திரும்பத் திரும்ப உலகமே சுற்றியிருக்கிறது. கூட வந்தவர்கள் வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டிருக்கிறார்கள். வாந்தி எடுத்த அக்காவைப் பார்த்து, "என்ன மதினி, விசேஷமா?" என்று ஒருத்தி கேட்க, மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற மதினிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் கையில் நடுக்கம். காரணமில்லாத அழுகை. "பழசு திரும்பி வந்துருச்சுடா. நான் அவ்வளவுதான்" என்றார்.

பழசு திரும்பி வரவில்லை. அக்காவுக்கு முன்பு மனச்சோர்வு வந்தபோது தலைசுற்றலோ வாந்தியோ இருந்ததே கிடையாது. மூலையில் உட்கார்ந்து சாப்பிடாமல் கிடந்தார், அதுதான் அவருடைய பழைய நோய். இது மருந்து திடீரென்று நின்றதால் வந்த விலகல் தொல்லை. டாக்டரிடம் போனில் பேசி மறுபடி ஆரம்பித்ததும் ஓரிரு நாளில் அடங்கியது. நோய் திரும்பியிருந்தால் அவ்வளவு சீக்கிரம் அடங்கியிருக்காது. இந்த மாத்திரைகள் நோயின்மேல் வேலை செய்யவே வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பது முதல்முறை ஆரம்பித்த எல்லோருக்கும் தெரியும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் நிறையப் பேர் வீணாகப் பயப்படுகிறார்கள். விலகல் தொல்லை பெரும்பாலும் மாத்திரை குறைந்த அல்லது நின்ற சில நாட்களுக்குள் தலைகாட்டும். நோய் திரும்புவதென்றால் வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல மெல்ல வரும். விலகலில் முன்பு ஒருபோதும் இல்லாத உடல் தொல்லைகள் வரும். தலை கிறுகிறுக்கும், குமட்டும், ஃப்ளூ வந்ததுபோல உடம்பு வலிக்கும், வியர்க்கும், விரல் நுனி மதமதக்கும், நிஜம்போலத் துல்லியமாகக் கெட்ட கனவுகள் வரும். ஒரு நாள் போட்டு வாட்டும், மறுநாள் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். மாத்திரையைத் திரும்பத் தொட்டால் சடாரென்று தணியும். எல்லாருக்கும் இப்படிக் கோடு போட்டுப் பிரிந்துவிடாது. எரிச்சல், பதற்றம், அழுகை, தூக்கமின்மை ஆகியவை இரண்டிலும் உண்டு. அதனால்தான் தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்கிறார்கள். என்றைக்கு எவ்வளவு குறைத்தேன், என்றைக்கு என்ன வந்தது என்று எழுதிய நோட்டைக் காட்டினால் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

நான் குறைத்தபோது என்னைப் படுத்தியது மண்டைக்குள் அடிக்கிற ஷாக்தான். வலிக்காது. கண்ணை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் சட்டென்று திருப்பினால் மண்டைக்குள் 'ஸிக்' என்று ஒன்று ஓடும், அரை நொடிக்கு உலகம் அறுந்து ஒட்டும். கடையில் வலப்பக்கம் ஜெராக்ஸ் மிஷின், இடப்பக்கம் கம்ப்யூட்டர். நாள் முழுக்கத் திரும்பிக்கொண்டே இருக்கிற பிழைப்பு! இணையத்தில் தேடினால் உலகம் முழுக்க இதே கதையைச் சொல்கிறார்கள், கண் அசைவோடு வருகிறது என்பது உள்பட. ஏன் வருகிறது என்று இதுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் மருந்து விலகும்போது வருவதென்று மருத்துவ உலகம் ஒத்துக்கொண்ட அறிகுறிதான். அது தெரிந்திருந்ததால் நான் தலைக்கு ஸ்கேன் எடுக்க ஓடவில்லை. தெரியாதவர்கள் ஓடுகிறார்கள், அந்த ரிப்போர்ட்டும் என் கடைக்குத்தான் நகலுக்கு வருகிறது.

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மனச்சோர்வுக்கென்று வந்த முதல் மாத்திரைகளில் ஒன்று இமிப்ரமின். சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற மருத்துவர் அதைப் பற்றி எழுதியது 1957-இல். அதை நிறுத்தினால் தொல்லை வருகிறது என்று கனடாவில் மருத்துவர்கள் 1959-லேயே எழுதிவிட்டார்கள். அப்புறம் புரோசாக், பராக்ஸிடின் என்று புதிய தலைமுறை மருந்துகள் வந்தன. அறுபது வருடம் கழித்தும், 'லேசாக இருக்கும், ஒரு வாரத்தில் போய்விடும்' என்றுதான் பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டியில் இருந்தது. நோயாளிகள் விடாமல் முறையிட்ட பிறகு, சிலருக்குக் கடுமையாகவும் நெடுநாளும் இருக்கலாம் என்று 2019-இல் மாற்றினார்கள். அதே வருடம் பிரிட்டனின் மனநல மருத்துவர்கள் சங்கமும் தன் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்டது.

அந்த வருடம் 'லான்செட் சைக்யாட்ரி' இதழில் வந்த ஒரு கட்டுரையைத்தான் என் டாக்டர் எனக்குப் படம் போட்டு விளக்கினார். எழுதியவர்கள் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர். ஹோரோவிட்ஸ் ஆஸ்திரேலியர், மருத்துவம் படித்தவர், மனச்சோர்வு மருந்துகள் மூளையில் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தே முனைவர் பட்டம் வாங்கியவர். தானே எடுத்துக்கொண்டிருந்த எஸிடலோபிராமைக் குறைக்கப்போய்ப் படாத பாடு பட்டார். பாடநூலில் இல்லாத பதிலை நோயாளிகளின் அனுபவங்களிலிருந்து தேட வேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். சீட்டு எழுதுகிறவர்களுக்கே இந்த நிலைமை என்றால் ஜீப்பில் போகிற அக்காவை யார் குறை சொல்வது?

கட்டுரை சொல்வது இதுதான். நரம்பணுக்களுக்கு இடையே சுரக்கும் செரடோனினை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. இந்த மாத்திரைகள் அதைப் போய் அடைக்கின்றன. எவ்வளவு மாத்திரைக்கு எவ்வளவு அடைபடுகிறது என்பதை மூளை ஸ்கேன் வைத்து அளந்திருக்கிறார்கள். சிடலோபிராம் 20 மில்லிகிராமில் ஏறக்குறைய 80 சதவீதம் அடைபடும். அதைப் பாதிக்கும் கீழே, 9 மில்லிகிராம் அளவுக்குக் குறைத்தாலும் 70 சதவீதம் அடைபட்டே இருக்கும். 3.4-இல் 50. 2.3-இல் 40. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான 0.8-இல்கூட 20 சதவீதம்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 20-லிருந்து 9-க்கு வருவது கையில் பார்த்தால் பெரிய குறைப்பு, மூளைக்குப் பத்துச் சதவீதம்தான். 2.3-லிருந்து பூஜ்யத்துக்குப் போவது ஒரு பொடி அளவு, மூளைக்கு நாற்பது சதவீதம் ஒரே நாளில் போகிறது. முழு மாத்திரை, அரை மாத்திரை, அப்புறம் நிறுத்து என்று நாம் செய்வது கண்ணுக்குச் சீராக இருக்கிறது. உள்ளே முதல் படி குட்டையாகவும் கடைசிப் படி கிணற்றில் குதிப்பதுபோலவும் இருக்கிறது. முதல் பாதியைக் குறைத்தபோது ஒன்றுமே ஆகவில்லை என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் கடைசி அரை மாத்திரையை விட்டதும் சுருண்டு விழுவது இதனால்தான். என் விஷயத்திலும் பத்திலிருந்து ஐந்துக்கு வந்தது தெரியவே இல்லை. ஐந்துக்குக் கீழேதான் எல்லாக் கூத்தும்.

ஆக, குறையக் குறைய இன்னும் சின்னச் சின்னதாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் சில வாரம் நின்று, உடம்பு பழகியதா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்கு. தொல்லை தாங்கவில்லையா, நிற்கிற படியிலேயே நில், இல்லை ஒரு படி திரும்பிப் போ. எத்தனை மாதம் ஆகும் என்பது எத்தனை வருடம் எடுத்தோம், எந்த மருந்து, என்ன அளவு என்பதைப் பொறுத்தது. சில வாரம் எடுத்தவருக்கு இவ்வளவு தேவைப்படாது. வருடக்கணக்கில் எடுத்தவருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும். என் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். அது என் உடம்புக்கு எழுதியது.

மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு. பராக்ஸிடின், வென்லாஃபாக்சின் இரண்டும் உடம்பை விட்டுச் சீக்கிரம் போகிறவை, அதனால் விடும்போது அதிகம் படுத்துகிறவை என்று பெயர் எடுத்தவை. வென்லாஃபாக்சின் எடுப்பவர்களில் சிலருக்கு ஒரு வேளை மாத்திரை தவறினாலே அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். ஃபுளுவாக்சிடின் நேர்மாறு. அதுவும் அது உடைந்து உண்டாகும் பொருளும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கிக் கரையும், தானாகவே மெதுவாகக் குறைவதால் பலருக்கு எளிதாக இருக்கும். தொல்லை வந்தாலும் தாமதமாக வரும்.

இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. 'ஒருநாள் விட்டு ஒருநாள் போடு, அப்புறம் ரெண்டு நாள் விட்டுப் போடு' என்று மெடிக்கலில் வேலை பார்க்கும் தம்பிகூடச் சொல்வார். பராக்ஸிடின் மாதிரி ஏறத்தாழ ஒரு நாளில் பாதியாகிவிடும் மருந்தை ஒருநாள் விட்டுப் போட்டால், அடுத்த வேளை வருவதற்குள் ரத்தத்தில் கால்வாசிதான் மிச்சம் இருக்கும். மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். மெதுவாகக் குறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாளைக்கு ஒருமுறை விலகலை வரவழைக்கும் வேலை. இது வேண்டாம் என்றுதான் இப்போதைய வழிகாட்டிகள் சொல்கின்றன. தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவு. குறைப்பதை அளவில் குறைக்க வேண்டும், நாளில் குறைக்கக்கூடாது.

சின்ன அளவுக்கு எங்கே போவது? எஸிடலோபிராம் 5 மில்லிகிராம் மாத்திரை கிடைக்கிறது. அதற்குக் கீழே வேண்டுமானால் மாத்திரை வெட்டும் சின்ன டப்பா மெடிக்கலிலேயே வாங்கலாம், பிளேடு வைத்து அம்மிமேல் நறுக்கத் தேவையில்லை. எல்லா மாத்திரையையும் வெட்டக்கூடாது. மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையை வெட்டினால் மருந்து மொத்தமும் ஒரே வீச்சில் இறங்கிவிடும். கேப்சூலைத் திறந்து எண்ணுவதும் நம் இஷ்டத்துக்குச் செய்கிற காரியமில்லை. டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: 'ஐயா, கடைசியில் இன்னும் சின்னதாகக் குறைக்க வழி இருக்கிறதா? திரவமாக வருகிற மருந்துக்கு மாற்ற முடியுமா?' சில டாக்டர்கள் முகத்தைச் சுளிக்கலாம். கேள்வி தப்பில்லை.

இனி நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். அக்காவின் அட்டையை நான் வாங்கிப் பார்த்தேன். எஸிடலோபிராம் 10, குளோனாசிபாம் 0.5, இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. ஜெராக்ஸுக்கு வருகிற சீட்டுகளில் இந்தக் கூட்டு மாத்திரையை நான் அவ்வளவு பார்க்கிறேன். பொது மருத்துவர்களும் எழுதுகிறார்கள். ஆரம்பத்தில் பதற்றத்தையும் தூக்கத்தையும் குளோனாசிபாம் உடனே சரிசெய்யும், ஆள் 'மருந்து நல்லா கேக்குது' என்று சந்தோஷமாகத் திரும்பி வருவார். ஆனால் குளோனாசிபாம் சில வாரத்துக்கு மேல் தொடரக்கூடாத வகை மருந்து. உடம்பு அதற்குப் பழகி அடிமையாகும். 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வகை மருந்துகள் அனைத்துக்கும் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விரிவாக்கியது. நெடுநாள் எடுத்துத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். கூட்டு மாத்திரையில் இன்னொரு வில்லங்கம், ஒன்றைக் குறைத்தால் மற்றதும் கூடவே குறையும். ஒன்றை நிறுத்தினால் இரண்டும் நிற்கும். மேட்டுப்பாதையில் அக்காவைத் தள்ளியது எந்த மருந்தின் விலகல் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. டாக்டர் முதலில் செய்தது இரண்டையும் தனித்தனி மாத்திரையாகப் பிரித்து எழுதியதுதான். உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பெயர் இருந்தால், அடுத்த முறை போகும்போது முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஐந்துக்குக் கீழே குறைத்த நேரம் ஆடி மாதம். மேற்குமலைக் கணவாய்களிலிருந்து இறங்குகிற காற்று ராத்திரியெல்லாம் தகரத்தையும் ஜன்னலையும் அடிக்கும், நல்ல உடம்புக்காரனுக்கே தூக்கம் கெடும். எனக்கோ மூன்று மணிக்கு விழித்தால் விழித்ததுதான். வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். நல்லவேளை, குறைப்பதற்கு முன்னாலேயே டாக்டர் என் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அவள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டாள். நான் கத்த ஆரம்பித்தால், "இது நீங்களா, மாத்திரையா?" என்று கேட்பாள். பல நாள் மாத்திரை. சில நாள் நானேதான் என்பதும் தெரிந்துபோனது.

என்ன உதவியது என்று கேட்டால் பிரமாதமாக ஒன்றும் இல்லை. விலகல் தொல்லைக்கென்று தனி மருந்து கிடையாது, வேகத்தைக் குறைப்பதுதான் மருந்து. காலையில் வாய்க்கால் கரையோரம் நடந்தேன், நடந்தால் ராத்திரி ஒரு மணி நேரம் கூடத் தூக்கம் வந்தது. தலை சுற்றுகிற நாட்களில் பைக்கைத் தொடவில்லை. இடம் வாங்குவது, கடையை மாற்றுவது மாதிரிப் பேச்சையெல்லாம் தள்ளிப்போட்டேன். ராத்திரி டீயை விட்டேன். சரக்கு, அறவே கூடாது. தூக்கம் கெட்டு, பதற்றம் கூடி, மறுநாள் எது எதனால் வந்தது என்று புரியாமல் போகும். கிறுகிறுப்புக்குப் பித்தம் என்று சொல்லி அம்மா நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தார். கிறுகிறுப்பு போகவில்லை, ஆனால் குளித்ததும் தூங்கினேன். யார் தயவில் ஒரு தூக்கம் கிடைத்தாலும் வேண்டாமென்பேனா?

மறக்கக்கூடாத ஒன்று, கையிருப்பு. நம் பள்ளத்தாக்கில் இது விளையாட்டு இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது குமுளி வழி அடைபட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு எல்லாச் சோதனைச் சாவடியும் மூடின. மேலே எஸ்டேட்டில் வேலை, கீழே வீடு, அங்கே டாக்டர், இங்கே மெடிக்கல் என்று இரண்டு மாநிலத்தில் வாழ்கிறவர்களுக்கு எல்லை ஒரு ராத்திரியில் மூடும். ஒரு அட்டை எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். மேலே தங்கி வேலை செய்கிறவர்கள் சீட்டின் படத்தை போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேருக்கு இந்தத் தொல்லை வரும் என்பதில் ஆராய்ச்சியாளர்களே முட்டிக்கொள்கிறார்கள். 2019-இல் ஜேம்ஸ் டேவிஸ், ஜான் ரீட் என்ற இருவர் பழைய ஆய்வுகளையும் இணையக் கருத்துக்கணிப்புகளையும் தொகுத்து, 56 சதவீதம் என்றார்கள். கேட்டவர்கள் அரண்டுபோனார்கள். 2024-இல் ஜெர்மனியின் ஹென்ஸ்லர் குழு, நிறுத்தியவர்களில் 31 சதவீதத்துக்குத் தொல்லை வந்தது, வெறும் மாவு மாத்திரையை நிறுத்தியவர்களுக்கே 17 சதவீதம் வந்தது, ஆகவே மருந்தால் மட்டும் வந்தது ஆறேழு பேரில் ஒருவருக்குத்தான், கடுமையாக வந்தது 35 பேரில் ஒருவருக்கு என்றது. முதல் கணக்கில், தொல்லை பட்டவர்கள்தான் கணிப்பில் கலந்துகொள்வார்கள் என்ற குறை. இரண்டாவது கணக்கில், பெரும்பாலும் குறைந்த காலமே மருந்து எடுத்தவர்கள் என்ற குறை. என் கருத்தைக் கேட்டால், வருடக்கணக்கில் எடுத்தவர் முதல் கணக்கை நினைத்து மெதுவாகக் குறைக்க வேண்டும், இரண்டாவது கணக்கை நினைத்துப் பயத்தை விட வேண்டும்.

எல்லோரும் நிறுத்தியாக வேண்டும் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் 478 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. எல்லோரும் நெடுநாள் மாத்திரை எடுத்து, இப்போது நன்றாக இருக்கிறோம், நிறுத்தலாம் என்று நினைத்தவர்கள். ஒரு வருடத்துக்குள் நிறுத்தியவர்களில் 56 சதவீதத்துக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்துக்கு. நிறுத்தியும் திரும்பாமல் இருந்தவர்கள் 44 சதவீதம் என்றும் அதைப் படிக்கலாம். விலகல் தொல்லையையே சில இடங்களில் நோய் என்று எண்ணியிருப்பார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. முதல்முறை வந்து, நன்றாகி, ஆறு மாதத்துக்கு மேல் நிலையாக இருப்பவருக்குப் பேச்சை எடுக்கலாம். இரண்டு மூன்று முறை திரும்பி வந்தவருக்கு, முன்பு தற்கொலை வரைக்கும் போனவருக்குக் கணக்கே வேறு. கர்ப்பம் தெரிந்த அன்றைக்கே பயந்து நிறுத்துகிற பெண்கள் இருக்கிறார்கள். அதையும் டாக்டரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும், திடீர் நிறுத்தம் தாய்க்கு நல்லதில்லை.

குறைக்கும்போது செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால், உட்காரவே முடியாத தவிப்பு வந்தால், அது நோட்டில் எழுதிவைக்கிற சமாச்சாரம் இல்லை. அன்றைக்கே போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்குப் போகிறோமே, அங்கேதான் டாக்டர் இருக்கிறார் என்றா? யாரும் பார்த்துவிடக்கூடாது என்றுதான். நம் மாவட்டத்திலேயே கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2004-லிருந்து இருக்கிறது. மனநலப் பிரிவு உண்டு, சீட்டுக்கும் மாத்திரைக்கும் பணம் இல்லை. மதுரைக்குப் போகிற தூரம்தான் அட்டை தீர்ந்ததும் ஆளை நிறுத்த வைக்கிறது. மாதம் ஒருமுறை பார்த்து, பொடி அளவாகக் குறைத்து, மறுபடி பார்த்து என்று செய்கிற வேலைக்குப் பக்கத்து டாக்டர்தான் லாயக்கு. மறைப்பதற்கு எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு தூரம் இறங்குவதும் கஷ்டமாகிறது. நானும் மதுரைக்காரன்தான் இந்த விஷயத்தில், அதனால் யாருக்கும் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அக்காதான் முந்திக்கொண்டு கானாவிலக்குக்கு மாறினார்.

"அங்க போனா தெரிஞ்சவக யாராச்சும் பாப்பாகளேக்கா?"

"பாக்கட்டுமேடா. போன தடவ வரிசையில எங்க ஜீப்புல வர்றவளே ரெண்டு பேரு நின்னாளுக. 'நீ எதுக்குடி இங்க'ன்னு அவ கேக்க, 'நீ எதுக்கோ அதுக்குத்தான்'னேன்."

அந்த வரிசையில் நின்றுதான் அக்கா தன் கேள்வியைக் கேட்டிருக்கிறார். இது மூன்றாவது முறை வந்த மனச்சோர்வு, எஸிடலோபிராமை இப்போதைக்குத் தொட வேண்டாம், குளோனாசிபாமை மட்டும் முதலில் மெதுவாக இறக்குவோம், அதுவும் காய் எடுப்பு முடிந்து வேலை குறைந்தபிறகு என்று முடிவாகியிருக்கிறது. காலையில் ஜீப்பைப் பிடிக்கிற அவசரத்தில் மாத்திரை மறந்துபோகிறது என்பதால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றியும் வாங்கிவந்துவிட்டார். சீட்டின் நகல் என் கடையில்தான் எடுத்தது, மடிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். ஜீப்பில் வரும் அந்த இரண்டு பேரோடும் சேர்ந்து அடுத்த மாதம் ஒரே நாளில் போவதாகச் சொல்கிறார், வண்டிக் கூலி மூன்றாகப் பிரிந்துவிடுமாம்.